சக்கைக்கு நற்சான்று

மஞ்சள் ஆலையில் களத்து வேலை பார்க்கும் பாவாயி ஆய்வகத்து வாசலிலேயே சேலையைத் தூக்கி முழங்காலைக் காட்டினாள். நன்றாக வீங்கியிருந்தது.

“மூணு நாளா மஞ்சப் பத்துப் போடறனுங்க அம்மிணி, வத்தவே இல்லை. அது போனாப் போகுது, கறையாவது நிக்கோணுமில்லீங்? ஒரு சொம்புத் தண்ணிக்குக் காணாமப் போயிருச்சு. இது மஞ்சத்தூளா, கோலப்பொடியா?”

பொங்கலுக்கு முதலாளி அர்த்தநாரி ஆலையில் எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்த பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள். ‘இயற்கை முறை, ஈரோட்டு மஞ்சள்’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தமயந்தி அந்த ஆலையின் வேதியியலாளர். மஞ்சளிலிருந்து வீக்கம் வற்றவைக்கும் குர்குமினைப் பிரித்தெடுப்பதுதான் அங்கே தொழில்; மிஞ்சுவது சக்கை. பாக்கெட்டைப் பிரித்துச் சோதித்தாள். நல்ல மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்காவது குர்குமின் இருக்கும். இதில் அரைப் பங்குகூட இல்லை. நிறம் முழுக்கச் சாயம்.

“எங்கிருந்து வந்துச்சு இது?”

“நான் ஒணத்தற சக்கைதானுங்க. இப்பெல்லாம் அது மாட்டுத் தீவனத்துக்கா போகுது? பின்னாடி அரவைக் கொட்டாய்க்குப் போகுது. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது. காவல்காரனுக்குத் தெரிந்தது, லாரிக்காரனுக்குத் தெரிந்தது, படித்த மகராசிக்கு மட்டும் தெரியவில்லை. தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

முன்பு அங்கே அசிட்டோன் என்ற கரைப்பானை ஊற்றித்தான் பிரித்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சக்கை நாறும், மாடுகூட மோந்து பார்க்காது, எரித்துவிடுவார்கள். அந்த நாற்றத்தை ஒழிக்க நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாள் தமயந்தி. கரும்புச் சாராயமும் தண்ணீரும் என்ன கணக்கில் கலந்தால், எவ்வளவு சூட்டில் வைத்தால் குர்குமின் இறங்கும் என்று கண்டுபிடித்தாள். வடித்த சாராயத்தையே திரும்பவும் பயன்படுத்தலாம். சக்கையும் சுத்தமாக வந்தது. ‘கரைப்பான் எச்சம் இல்லை, உண்பதற்குத் தீங்கற்றது’ என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், மாட்டுத் தீவனத்துக்கு என்று நம்பி. நாறிய சக்கையை எவனும் விற்றிருக்க முடியாது. விற்கும்படி ஆக்கியது அவள்தான்.

பாக்கெட்டோடு முதலாளி அறைக்குள் போனாள்.

அர்த்தநாரிக்குக் கோபமே வரவில்லை. “உக்காருங்க அம்மிணி, காப்பி சொல்லட்டுங்களா? விஷமில்லைன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. விஷமில்லாததைத் தின்னா என்னங்க தப்பு?”

“சத்தையெல்லாம் மாத்திரையாக்கிக் கப்பல்ல ஏத்திட்டீங்க. வெறுஞ்சக்கைக்குச் சாயம் பூசி நம்ம சனத்துக்கே மஞ்சள்னு விக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?”

“உங்க முறைக்கு ஆகற செலவு தெரியுங்களா? சாராயத்துக்கு லைசென்ஸ் வாங்கவே நாக்குத் தள்ளுது. சக்கை வித்துத்தான் அது ஓடுது. வேண்டாம்னா நாளைக்கே அசிட்டோன் டேங்கைத் தொறந்துவுடறேன். பாவாயிக்கு மறுபடியும் தலைவலி வரும். உங்களுக்குச் சம்மதங்களா?”

வெளியே வந்தாள் தமயந்தி. நாலு வருஷ உழைப்பைக் காட்டியே அவள் கழுத்தில் கத்தி வைக்கிறான் மனுஷன். களத்தில் பாவாயி காலை நீட்டி உட்கார்ந்து சக்கையைக் கிளறிக்கொண்டிருந்தாள். முதலாளி சொன்னதைத் தமயந்தி அப்படியே அவளிடம் சொன்னாள்.

“சக்கைக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தீங்க. அசிட்டோன் தொறந்தா அதுக்கும் ஒண்ணு எழுதுங்க. எழுதறதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்? இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு நிக்கறீங்க!” என்றாள் பாவாயி.

தமயந்திக்குச் சுருக்கென்றது. அன்று மதியமே பாக்கெட்டையும் ஒரு பை சக்கையையும் எடுத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஆலை பேர், முதலாளி பேர், அரவைக் கொட்டாய் இருக்கும் இடம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சக்கையைத் திங்கலாம்னு யாரோ சான்று குடுத்திருக்கோணுமே? அது இல்லாம இத்தனை நாள் வித்திருக்க முடியாதுங்களே.”

“நான்தாங்க குடுத்தேன். பதினாலு மாசம்.” நகல்களை மேசைமேல் வைத்தாள்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். “அப்ப உங்க பேரையும் சேக்கோணும். வேலையும் போகும், கோர்ட்டுக்கும் அலையோணும். நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“யோசிக்க என்னங்க இருக்குது? முதல்ல என் பேரை எழுதுங்க” என்றாள் தமயந்தி.