கடைசி அஞ்சு

கேமராவை நான் திருப்பியது கொஞ்சம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால். சோபாவைச் சுவரோரம் தள்ளியாகிவிட்டது. தரையில் எப்போதும் இரண்டு நீல டேப் துண்டுகள் ஒட்டியிருக்கும். முன்னால் இருப்பது நான் நிற்க, பின்னால் வலப்பக்கம் இருப்பது அக்கா நிற்க. என் டேப்பை உரித்து ஒரு முழம் இடப்பக்கம் ஒட்டினேன். கேமராவையும் அந்தப் பக்கமாகத் திருப்பினேன். அக்காவின் டேப்பைத் தொடவில்லை. திரையில் என் இடமும் ஜன்னலும் பூந்தொட்டியும் தெரிந்தன. அவள் இடம் தெரியவில்லை. அழைப்பு மணி அடித்தபோது எதையோ திருடியவள் போலப் போய்க் கதவைத் திறந்தேன்.

நான் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வாரம் ஒரு வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறேன். ஆரம்பித்ததே அக்காவுக்காகத்தான். முட்டிவலி என்று போனவளை டாக்டர் எடை குறைக்கச் சொல்லியிருந்தார். அவளும் யார் யாருடைய வீடியோவையோ போட்டுப் பார்த்து நொந்துபோனாள். "தரையில படுக்கச் சொல்றா, அடுத்த நொடியே எந்திரிச்சுக் குதிக்கச் சொல்றா பாப்பா. நான் எந்திரிக்கிறதுக்குள்ள அவ தண்ணி குடிச்சிட்டு டாட்டா சொல்லிடுறா." நாற்பத்திரண்டு வயதிலும் நான் அவளுக்குப் பாப்பாதான். அவளுக்காக ஒன்று எடுத்து அனுப்பினேன். முட்டி வலிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஆகுமே, பொதுவிலேயே போட்டுவிடு என்று சொன்னதும் அவள்தான். அன்றிலிருந்து நான் முன்னால் நின்று முழுதாகச் செய்வேன். முடியாதவர்களுக்காக, அதையே அவள் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதியாகச் செய்வாள்.

பார்க்கிறவர்களுக்கு ஆயிரம் குறை இருக்கும். தப்பில்லை, மற்றவர்களின் வீடியோக்களைப் பார்த்து நானும் வாயில் வந்தபடி திட்டுகிறவள்தான். ஆறு நிமிடம் பேசிவிட்டுத்தான் ஆரம்பிப்பேனாம். மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிடுவேனாம். வலது காலை முடித்துவிட்டு இடது காலை அம்போ என்று விட்டுவிடுவேனாம். எல்லாம் உண்மை. பெரிய புகார் எண்ணிக்கைதான். பள்ளியில் பிள்ளைகளே கத்தி எண்ணுவதால் எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. "கடைசி அஞ்சு" என்பேன், எட்டில் போய் நிற்கும். அதனால் அக்கா பின்னாலிருந்து எண்ண ஆரம்பித்தாள். மூச்சு வாங்க, ஆனால் ஒன்றுகூடத் தவறாமல்.

பிறகு ஒருநாள் அந்தக் கருத்து வந்தது. "இந்தப் பயிற்சியில பலன் இருக்குன்னா, பின்னாடி நிக்கிற ஆன்ட்டி ஏன் இன்னும் அப்படியே இருக்காங்க?" கீழே நூற்று நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். என் அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் கண்ணால் அவளைத் திரும்பப் பார்த்தேன். தொப்பையை இறுக்கிப் பிடித்த டி-ஷர்ட், பாதி வரைகூட எழும்பாத கால், முகமெல்லாம் வியர்வை. இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்றுதான் எனக்கும் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அவளை நினைத்துத்தான் அன்று வெட்கப்பட்டேன் என்பதை இப்போது எழுதுவதற்குக் கூசுகிறது.

"இனிமே வேண்டாம்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேமராவைத் திருப்புவது சுலபமாக இருந்தது.

பதினொரு வாரம் இப்படிப் போயிற்று. அவள் இரண்டு தெரு தள்ளியிருந்து வருவாள். தலையை அழுந்த வாரி, கிளிப் போட்டு, எனக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்று இருபது நிமிடம் வியர்ப்பாள். புதிதாக ஒரு டி-ஷர்ட் வாங்கி, "வெளிர் நிறம் வீடியோவுல நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கும்" என்றேன். கைகளைப் பக்கவாட்டில் விரிக்கும்போது மட்டும் அவளுடைய நான்கு விரல்கள் திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டேன்.

குரலை என்ன செய்வது? பதினோராவது வார வீடியோவுக்குக் கீழே, "பின்னாடி எண்ணுறது யாரு?" என்று ஒருத்தர் கேட்டிருந்தார். "பக்கத்து ரூம்ல டிவி ஓடுது, மன்னிச்சிடுங்க" என்று பதில் போட்டேன்.

போன வாரம் படிக்கும்போது எழுத்து கலங்கியதால் அக்கா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைச் சுவரில் பெரிய டிவி. அதில் சத்தமில்லாமல் நான் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தேன். கண் பரிசோதிக்கிற பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"மேடம் நீங்களா! தினமும் உங்க வீடியோதான். அக்கா ஒண்ணு விடாம போட்டுடுவாங்க, வர்ற கருத்தையெல்லாம் வாசிச்சும் காட்டுவாங்க. ஏன் இப்போ வீடியோவுல நீங்க வர்றதில்லன்னு அவங்களைக் கேட்டேன். கேமராவைப் பாத்துக்க ஆள் இல்ல, நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னாங்க."

ஒன்று விடாமல். அந்த வார்த்தையிலேயே என் மனம் நின்றுவிட்டது. முதல் வாரமே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அடுத்த வாரமும் வந்திருக்கிறாள், டி-ஷர்ட்டின் நிறத்தைக் கேட்டிருக்கிறாள். நான் நல்லா இருக்கும் என்றதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் குரலை டிவி என்று நான் போட்ட பதிலையும் படித்திருப்பாள். என் மானம் போகாமலிருக்க இங்கே ஒரு பொய்யும் சொல்லி வைத்திருக்கிறாள்.

அக்கா உள்ளேயிருந்து வந்து எனக்கு ஒரு பிரேமை மாட்டிவிட்டாள். மூக்கின் மேல் சின்ன ஸ்கேலை வைத்து அளந்தாள். வேலையில் அவள் கை அவ்வளவு நிதானம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் கண்மணிக்கு நேராகக் கண்ணாடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

"அசையாத பாப்பா. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் தலைவலி வரும்."

"அக்கா..."

"நேரா பாரு."

அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவள் மூன்று முறை புள்ளியை அழித்து அழித்து வைத்தாள். வியாழக்கிழமை தயாராகிவிடும் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை டேப்பை உரித்துப் பழைய இடத்திலேயே ஒட்டினேன். கேமராவையும் திருப்பி வைத்தேன். அவள் டேப் நடந்து நடந்து அழுக்கேறி, ஓரம் சுருண்டிருந்தது. அதன்மேல் புதிதாக ஒன்றை ஒட்டி விரலால் அழுத்தினேன். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த டிவி பதிலையும் அழித்திருந்தேன். அவள் வந்தாள், செருப்பைக் கழற்றினாள், தரையைப் பார்த்தாள்.

"டேப்பு புதுசு போல."

"ஆமாக்கா."

தயார் செய்ததெல்லாம் அந்த ஒரு சொல்லோடு போயிற்று. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். கேமரா திரையில் இரண்டு பேரும் தெரிந்தோம். அதைப் பார்த்தாளா, தெரியவில்லை. நான் பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். வலது கால், இடது கால், பிறகு பல வாரமாகத் தொடாத கை விரிக்கும் பயிற்சி. "கடைசி அஞ்சு" என்றேன். பின்னாலிருந்து ஒன்று என்ற குரல் வரவில்லை. இரண்டும் வரவில்லை. கையை விரித்தேன், மடக்கினேன், விரித்தேன். எத்தனை ஆயிற்று என்று தெரியவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்தேன்.

அக்கா புதிய டேப்பின் மேல் சரியாக நின்று கைகளை முழுதாக விரித்திருந்தாள். வியர்வை கன்னத்தில் வழிந்தது. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன, சத்தமே இல்லாமல். ஆறு, ஏழு, எட்டு.