பன் மட்டும் கொண்டு வா

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய வேண்டுமா, நவம்பரில் வருகிற நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்கு அவரை என்ன கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும். வான்கோழி, விருந்து நடக்கிற வீட்டுக்காரியுடையது. அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. அடுத்த இடம் பூசணிக்காய் வைத்து 'பை' என்கிற இனிப்பு சுடுகிறவளுக்கு. பிறகு உருளைக்கிழங்கு மசியல், பிறகு பீன்ஸ். கடைசி இடம் ஐஸ் கட்டிக்கு. அது என் நாத்தனார் புருஷன் கோர்டியின் பொறுப்பு. ஐஸ் கட்டிக்கு ஒரே ஒரு படி மேலே இருப்பது பன். அது என்னுடையது.

கல்யாணமாகி வந்த முதல் நவம்பரில் நாத்தனார் வெர்னா போன் செய்தாள். என் கணவர் லோவெலுக்கு அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தம்பிகள் இருவரையும் வளர்த்தவள் என்பதால், விருந்து எப்போதும் அவள் வீட்டில்தான். "நீ ஒண்ணும் சிரமப்படாத ஆர்டிஸ். பன் மட்டும் கொண்டு வா. கடையில வாங்கினாலும் பரவாயில்ல" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் நானே மாவு பிசைந்து, பொங்க வைத்து, உருட்டி, வெண்ணெய் தடவிச் சுட்டு, இரண்டு தட்டு நிறையக் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆள் சொல்லவில்லை. தின்றார்கள், தட்டு காலியானது, அவ்வளவுதான். அமெரிக்காவின் வடகோடியில், மினசோட்டாவில், எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாராட்டு என்பது பல்வலி மாதிரி. உள்ளே இருந்தாலும் முடிந்தவரை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதன் பிறகு இருபது வருஷம், ஒவ்வொரு நவம்பரும் அதே போன், அதே பேச்சு, அதே பரவாயில்ல.

இந்த வருஷம் வெர்னாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விருந்து என் வீட்டுக்கு மாறியது. சொத்தை எழுதி வைக்கிற குரலில் வான்கோழியை என்னிடம் ஒப்படைத்தாள். தோலுக்கு அடியில் வெண்ணெய் தடவு, நெஞ்சுப் பக்கம் காயாமல் பார்த்துக்கொள், ஓவனை அடிக்கடி திறக்காதே என்று அவள் சொல்லிக்கொண்டே போக, நான் உம் கொட்டிக்கொண்டே நகத்துக்குச் சாயம் பூசினேன். எல்லாம் முடிந்த பிறகு, வேறு வழியில்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நான் என்ன கொண்டு வரட்டும்?"

"நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க வெர்னா. பன் மட்டும் கொண்டு வாங்க" என்றேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "கடையில வாங்கினாலும் பரவாயில்ல" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

போனில் சத்தமே இல்லை. இருபது வருஷமாக நான் காத்திருந்தது அந்த மௌனத்துக்குத்தான். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் ஆட்டத்துக்குப் பிறகு பயம் வந்தது. இந்த ஒரு விருந்து நன்றாக அமைந்தால், இனி நான் வான்கோழிக்காரி. சொதப்பினால், சாகிற வரைக்கும் பன்காரிதான். கோர்டிக்குக் கால் வழுக்கி ஏதாவது ஆனால் ஐஸ் கட்டியும் என் தலையில் விழும்.

உறைய வைத்த பெரிய வான்கோழியாக வாங்கி, நான்கு நாள் ஃபிரிட்ஜில் வைத்துப் பதமாக இளக்கினேன். தொட்டால் மெத்தென்று இருந்தது. புதன்கிழமை மற்ற பதார்த்தங்கள் எல்லாம் தயாரானதும் ஃபிரிட்ஜில் இடமில்லை. அதனால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் செய்வதைச் செய்தேன். வான்கோழியைக் கார் நிறுத்துகிற கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். நவம்பர் வந்துவிட்டால் இங்கே கொட்டகைதான் இரண்டாவது ஃபிரிட்ஜ். பீர் அங்கே, பால் அங்கே, வேட்டையாடின மான் இறைச்சியும் அங்கே.

அன்று இரவு கனடாவிலிருந்து ஒரு குளிர் இறங்கி வந்திருக்கிறது. விருந்து நாளான வியாழன் காலை போய்த் தொட்டுப் பார்த்தேன். பிறகு தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது.

லோவெல் காப்பிக் கோப்பையோடு வந்தார். அவரும் ஒரு விரலால் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் இறுகியிருக்கு" என்றார். தலைமுடி காயவைக்கிற மெஷினை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் காப்பியைக் குடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் பிடித்து அதில் போட்டேன். புரட்டினேன், தண்ணீரை மாற்றினேன், கெஞ்சினேன், திட்டினேன். வெளித்தோல் இளகியதே தவிர, உள்ளே பாறை. ஈரலையும் கழுத்தையும் ஒரு காகிதப் பையில் சுற்றி வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள் அல்லவா, அதை எடுக்கக் கை நுழைய இடமில்லை. வயிற்றில் அடைக்கிற ரொட்டிப் பூரணத்துக்கு எங்கே இடம்? கடைசியில் அப்படியே ஓவனில் தள்ளி, கதவைச் சாத்தி, மேலே ஒரு துண்டைத் தொங்கவிட்டேன், கண்ணாடி வழியாக யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க. விருந்து ஒரு மணிக்கு. இந்த வான்கோழி வேக ராத்திரி ஆகும்.

வெர்னா முதல் ஆளாக வந்தாள். கையில் ஊன்றுகோல், கக்கத்தில் கடையில் வாங்கிய ஒரு பன் பொட்டலம். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மேஜை நடுவில் வைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், துண்டை ஒதுக்கி, ஓவனைத் திறந்து, குனிய முடியாத காலோடு குனிந்தாள்.

"ஆர்டிஸ், இது இப்பத்தான் உள்ள போச்சா?"

என் முகமே பதில் சொல்லியிருக்கும். வெர்னா கதவை மெதுவாகச் சாத்தினாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் தன் புருஷனைக் கூப்பிட்டு, காரிலிருந்து அதை எடுத்துவரச் சொன்னாள்.

அது என்றால், கம்பளியும் துண்டுகளும் சுற்றிய ஒரு பெரிய பெட்டி. திறந்தால், பொன் நிறத்தில் ஆவி பறக்கும் ஒரு வான்கோழி. டாக்டர் நிற்கக் கூடாது என்று சொன்ன காலோடு விடியலில் எழுந்து சுட்டிருக்கிறாள். நான் சொதப்புவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

அதற்குள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்திருந்த என் கொழுந்தன் டுவேன் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். தன் காரிலும் ஒன்று இருப்பதாகத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். காலையில் கொல்லையில் பெரிய அண்டாவில் எண்ணெய் காய்ச்சிப் பொரித்தானாம். சும்மா ஒரு கைக்காவலுக்காம். பொரித்ததில் அவன் புருவம் ஒன்று கருகியிருந்தது.

இதற்கிடையில் லோவெலைக் காணோம். பின்வாசல் வழியாக வந்தார், பக்கத்து வீட்டு ஸ்டானின் அடுப்பில் தான் ஒளித்து வைத்திருந்த ஒரு முழுப் பன்றித் தொடையோடு. என் சொந்தப் புருஷன். ஒரே படுக்கையில் தூங்குகிறவர்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"வேற யாராவது கார்ல ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? இப்பவே கொண்டு வந்துடுங்க. வெளியில வெச்சா உறைஞ்சு போயிடும்."

மூலை நாற்காலியில் இருந்த மாமனார் ஹார்லன் மட்டும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். காலி. அந்தக் கூட்டத்தில் வெறுங்கையோடு வந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்காவது என்மேல் நம்பிக்கை இருந்ததே என்று கண் கலங்கியது.

உட்கார்ந்தோம். ஜெபம் ஆயிற்று. வழக்கம்போல் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்கிற முறை சுற்றி வந்தது. கோர்டி, வெர்னாவின் முழங்காலுக்கு நன்றி சொன்னான். வீட்டில் இப்போது அவளால் தன்னைத் துரத்திப் பிடிக்க முடிவதில்லையாம். நான் மொட்டையாக, தலைக்கு மேல் கூரை இருப்பதற்கு நன்றி என்று சொல்லி முடித்தேன். நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் வெர்னா போன் செய்து என்ன சொல்லப் போகிறாள் என்பது காதில் இப்போதே கேட்டது.

மாமனார் முதலில் எடுப்பது எப்போதும் பன்தான். பிய்த்து, வெண்ணெய் தடவி, அது உள்ளே போன பிறகுதான் மற்றதைப் பார்ப்பார். அன்றும் வெர்னாவின் பொட்டலத்தில் ஒன்றை எடுத்தார். அமுக்கினார். அமுங்கியது, ஆனால் திரும்ப எழவில்லை. ஒரு கடி கடித்தார். நெடுநேரம் மென்றார். மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மேஜையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தேடினார்.

"பன் எங்க?"

"அதுதான் பன், அப்பா" என்றாள் வெர்னா.

"இது இல்ல. பன் எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டுவேன் பிள்ளைகளும் பார்த்தார்கள். கோர்டி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஐஸ் கட்டி கொண்டு வருகிற தனக்கு இதைச் சொல்ல உரிமை இல்லைதான், ஆனால் வருஷா வருஷம் தான் மேஜையில் உட்காருவதே பன்னுக்காகத்தான், அது வெளியே தெரியக் கூடாதே என்றுதான் வான்கோழியையும் தின்பதாகச் சொன்னான். மிஞ்சின பன்னுக்குக் காரில் போகும்போது தன் பிள்ளைகள் அடித்துக்கொள்வதாக டுவேன் சொன்னான். இதெல்லாம் இருபது வருஷமாக எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் மாமனார் பேச ஆரம்பித்துவிட்டார்.

மாமனார் தன் கோட்டின் பக்கவாட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு எடுத்து இதுல போட்டுப்பேன், யாரும் பார்க்காதப்ப. மறுநாள் காலைல காப்பிக்கு. நாளைக்கு நான் என்ன பண்றது, ஆர்டிஸ்?"

நம்பிக்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் வெறுங்கையோடு வந்தது, பை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகை முந்திக்கொண்டது.

வெர்னா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். குரலில் இனிப்பு எதுவும் இல்லை.

"முதல் வருஷம் உன்ன நம்பாமத்தான் பன் குடுத்தேன். அத மறைக்கல. அப்புறம் வேற யார்கிட்டயும் அதக் குடுக்க எனக்குப் பயமா இருந்துச்சு. நீ வேற எதையாவது தூக்கிட்டு வந்துடுவியோன்னுதான் வருஷா வருஷம் முந்திக்கிட்டு போன் பண்ணேன்."

"அதச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒழுங்கா செய்வியா? கடையில வாங்கினாலும் பரவாயில்லன்னு சொன்னாத்தான உனக்கு ரோஷம் வருது."

அடிப்பாவி என்று மனசுக்குள் சொன்னேன். ஒருவேளை வெளியிலும் சொல்லியிருப்பேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.

எழுந்து கையைக் கழுவினேன். மாவு பிசைந்து பொங்க விட்டுச் சுட்டெடுக்க மாலை ஆகிவிடும், அதுவரை காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். மாமனார் கழுத்தில் சொருகியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். அதுதான் பதில். பதார்த்தங்களைத் துண்டால் மூடிவிட்டு எல்லோரும் டிவியில் கால்பந்து பார்க்கப் போனார்கள். வெர்னா மட்டும் என்னோடு சமையலறையில் உட்கார்ந்து, நான் உருட்டிக் கொடுக்கக் கொடுக்க வெண்ணெய் தடவினாள். இரண்டு இடத்தில் அதிகமாகத் தடவினாள். சொன்னேன். பேசாமல் துடைத்தாள்.

பன் உப்பி நின்றபோதுதான் நினைவு வந்தது. ஓவனுக்குள் என் வான்கோழி. மேல்தோல் அப்போதுதான் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. இருபது வருஷ ஆசை, இன்னும் வேகவில்லை. இரண்டுக்கும் அதில் இடமில்லை.

"பன்ன ஸ்டான் வீட்டு அடுப்புல சுட்டுக்கலாமா?" என்றார் லோவெல். அவர் குரலில் பழியைத் துடைக்கும் ஆசை இருந்தது.

"என் பன்ன ஊரான் அடுப்புல வைக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

ஓவனைத் திறந்தேன். வான்கோழியை வெளியே இழுத்து லோவெல் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு பனியில் பக்கத்து வீட்டுக்கு நடந்தார். ஒரு நிமிஷம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு பன்னை உள்ளே தள்ளினேன்.

இருட்டுகிற நேரத்தில் சாப்பிட்டோம். வழக்கம்போல் யாரும் எதுவும் சொல்லவில்லை. தின்றார்கள், தட்டு காலியானது. மாமனார் இந்த முறை ஒளிக்கவில்லை. எல்லோர் கண் முன்னாலும் இரண்டு பன்னை எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவதையும் போட்டார்.

கிளம்புகிற சமயத்தில் ஸ்டான் போன் செய்தார். வான்கோழி வெந்துவிட்டதாம், அருமையாக இருக்கிறதாம், ஒரு காலைத் தின்று பார்த்தாராம். என் வாழ்க்கையின் முதல் வான்கோழியை என் குடும்பத்தில் ஒரு ஆள்கூட வாயில் வைக்கவில்லை.

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அடுத்த விருந்து எந்த வீட்டில் என்று பேச்சே எழவில்லை. ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நான் என்ன கொண்டு வரட்டும்?"

"நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க வெர்னா" என்றேன். "வான்கோழி மட்டும் கொண்டு வாங்க."

சரி என்று தலையசைத்துவிட்டு, கோர்டியின் தோளைப் பிடித்துப் படியில் இறங்கினாள். அவள் காரில் ஏறி உட்காரும் வரை பொறுத்திருந்து, ஜன்னலருகே போய்க் குனிந்து சொன்னேன்.

"கடையில வாங்கினாலும் பரவாயில்ல."