தண்ணீர் வடியும்வரை

விடிந்தும் விடியாத நேரத்திலேயே ஞானகுமாரிக்கு விரல்கள் விறைத்துவிட்டன. திருமுல்லைவாயிலில் முதல் ரயிலைப் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து, மெஷின் ரூமின் குளிரில் உட்கார்ந்தால் அப்படித்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடத்துக் கத்திரி வெக்கை அந்தக் கதவுக்கு வெளியேதான்.

வெளிநாட்டு மருத்துவமனைகளின் கோப்புகளை மேல்மாடியில் பெண்கள் பகலெல்லாம் ஷிப்டு முறையில் தட்டச்சு செய்வார்கள். அத்தனையும் பீரோ உயரத்துக்கு நின்ற ஸ்டோரேஜ் மெஷினில் வந்து சேரும். அதை நடத்துவதற்கென்று திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடும் சர்வீஸ்கள் என்னும் புரோகிராம்கள் உண்டு. விடியலில் ஏதாவது ஒன்று மூச்சடைத்துப் படுத்துவிடும். எல்லாவற்றையும் நிறுத்தி, வரிசை மாறாமல் எழுப்பி, ஒவ்வொன்றும் நிஜமாகவே ஓடுகிறதா என்று ஞானகுமாரிதான் பார்த்தாக வேண்டும். ஒன்று பொய்யாய் எழுந்திருந்தாலும் அன்றைய உழைப்பு காற்றோடு போகும்.

"இன்னாக்கா, இன்னிக்கும் மக்கர் பண்ணுதா?" என்றபடி உத்தமன் வாளியோடு வந்தான். ஏ.சி.யைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளி. கொஞ்ச நாளாகவே ஏ.சி. குழாய் ஒழுகி, தரைப் பலகைகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கியது. மின்கம்பிகள் ஓடுவதும் அங்கேதான். முதலாளி மணவாளனிடம் இருவரும் சொல்லிப் பார்த்தாயிற்று. மெஷினுக்குப் போகும் கரண்டையே நிறுத்தினால்தான் குழாயை மாற்ற முடியும்; அவர் நிறுத்த விடவில்லை.

உத்தமன் ஒரு பலகையைத் தூக்கி, குனிந்து, துணியை உள்ளே விட்டான். ஞானகுமாரியின் திரையில் கடைசி சர்வீஸ் எழுந்துகொண்டிருந்தது. ஒரு முனகல் கேட்டது. திரும்பினால், கை முழங்கைவரை பள்ளத்துக்குள் கிடக்க, அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவள் யோசிக்கவில்லை. பாய்ந்துபோய் அறை முழுவதற்குமான பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தாள். எல்லா இரைச்சலும் அடங்கியது.

வாட்ச்மேன் சுலைமானும் அவளும் அவனைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள். உள்ளங்கை கரிந்திருந்தது. சுலைமான் கூடவே போனார்.

மணவாளன் காரைவிட்டு இறங்கும்போதே கத்தினார். "யாரைக் கேட்டு மெயினை அணைச்சே?"

"உத்தமனுக்கு ஷாக் அடிச்சிடுச்சு சார்."

"அதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சே. கரண்டைப் போடு. சர்வீஸ் எல்லாத்தையும் எழுப்பு. செக் பண்றதெல்லாம் அப்புறம்."

"தண்ணி அப்டியே கீது சார். கொழாய மாத்தி, ஒயர பாத்துட்டு எழுப்பறேன்."

"கிளையன்ட்டுக்கு நீயா பதில் சொல்வே?"

"மெஷின் நின்னா மறுபடி எழுப்பிக்கலாம் சார். ஆளு நின்னுட்டா?"

அவர் முகம் கறுத்தது. "வெளியே போ. சம்பத் வந்து பாத்துப்பான்."

அவள் வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் வந்திறங்கிய மேல்மாடிப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாடி ஆச்சு?" என்றாள் செலின். ஞானகுமாரி நடந்ததைச் சொன்னாள்.

"எங்க சீட்டுக்குக் கீழயும் அந்த ஒயருதானே ஓடுது?" செலின் சாப்பாட்டுக் கூடையைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராய் உட்கார்ந்தார்கள்.

சம்பத் வந்தான். மெஷினை எழுப்பத் தெரிந்த இன்னொருவன் அவன் மட்டுமே. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். மணவாளன் அவன் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போனார்.

"கரண்ட போட்டுடுவான்டி," என்றாள் செலின்.

எந்த நொடியும் அந்த இரைச்சல் கிளம்பும் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. கதவு திறந்தது. சம்பத்தின் செருப்பு ஈரமாயிருந்தது.

"பலகை தொறந்தே கீது. உத்தமன் உட்ட துணி தண்ணில மெதக்குது," என்றான். "நான் போடல."

செலின் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தாள்.

சுலைமான் திரும்பி வந்தார். "கண்ணு முழிச்சிட்டான். கை தேறுமான்னுதான் டாக்டர் ஒண்ணும் சொல்லல."

கண்ணாடிக்குப் பின்னால் மணவாளன் போனும் கையுமாய் நடந்தார். போலீசுக்கா, வேறு ஆட்களுக்கா, யாருக்கும் தெரியவில்லை. பிறகு தலையை மட்டும் நீட்டினார். "ஒவ்வொருத்தரா என் ரூமுக்கு வாங்க. தனித்தனியா பேசிக்கலாம்."

யாரும் எழவில்லை.

"எல்லாருக்கும் ஒரே பேச்சுதான் சார்," என்றாள் ஞானகுமாரி. "கொழாயும் ஒயரும் மாத்தணும். உத்தமன் வைத்தியத்த கம்பெனி பாக்கணும். இங்கியே பேசலாம்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. வெயில் படிக்கு ஏறியது. அடுத்த ஷிப்டுக்காரர்கள் தூசி பறக்கும் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். சேதி அவர்களுக்கு முன்பே எட்டியிருக்க வேண்டும். முன்னால் வந்தவள் உள்ளே போகாமல், படியில் எங்கே உட்காருவது என்று பார்த்தாள்.

"வா," என்று ஞானகுமாரி நெருக்கி உட்கார்ந்து இடம்விட்டாள்.