கைக்குள் ஓடிய மோட்டார்

மோட்டார்காரருக்குக் காது மந்தம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அவரைக் கேட்டால், இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தொண்டையில் சத்தே இல்லை, பாதிப் பேர் முணுமுணுக்கிறார்கள், மீதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை என்பார். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றி உயிர் கொடுக்கிற கடை அவருடையது. பின்னறையில் கிரைண்டர் நாள் முழுக்க அலறும். முன்னறை மேசையில் அவர் மனைவி இருப்பாள். வருகிறவர் சொல்வதைக் காதில் வாங்கி, இரண்டு மடங்கு சத்தமாகப் பின்னால் அனுப்புவாள். அவர் பின்னாலிருந்து "சரி" என்பார். எதற்கும் "சரி"தான். இப்படி ஒரு தங்கமான மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

"காதுக்கு ஒரு மிஷின் வாங்கி மாட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"மிஷினுக்கே வைத்தியம் பார்க்கிறவன் நான். எனக்கே மிஷினா?" என்று சிரிப்பார். காதில் விழாத கேள்விகளுக்கு நடுவே இது மட்டும் எப்படி விழும் என்பது அவளுக்குப் புரிந்ததே இல்லை.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்தபோதுதான் குடும்பம் இரண்டு ஊரானது. அவர்கள் ஊரில் டயாலிசிஸ் செய்ய வசதி இல்லை. பகல் முழுக்கப் பஸ்ஸில் போகவேண்டிய நகரத்தில் அவள் தங்கை இருந்தாள். அங்கே தங்கி, வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது என்று முடிவானது. கடையைப் பூட்டிவிட்டு அவரும் வந்தால் வைத்தியத்துக்கு வழி ஏது? பஸ் ஜன்னல் வழியாக அவள், கேஸ் அடுப்பை அணைப்பதிலிருந்து மாத்திரை விழுங்குவது வரை கத்திக்கொண்டே போனாள். அவர் "சரி, சரி" என்று பஸ் திரும்பும்வரை தலையாட்டினார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அது தடித்து வலுவானதும் டயாலிசிஸ் ஊசி அந்த இடத்தில்தான்.

"இனிமே இதுதாம்மா உங்க உசுரு" என்றாள் நர்ஸ். "தினம் காலையில எழுந்ததும் ரெண்டு விரல் வச்சுப் பாருங்க. உள்ள கிர்ர்னு அதிரணும். அதிரலைன்னா பல் விளக்கக்கூட நிக்காதீங்க, ஓடி வந்துடுங்க."

அவள் ஒரே ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தோலுக்கடியில் வண்டைப் போட்டுத் தைத்த மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துக் கையை உதறினாள். அன்று போனில் புருஷனிடம் அதைக் கத்திச் சொன்னபோது, என்றுமில்லாத அக்கறையோடு அவர் குரல் நிமிர்ந்தது.

"அதிருதா? மோட்டார் கணக்கா? போனைக் கையில வை."

வைத்தாள்.

"ஆங்! ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடுது!"

அதோடு அவள் விரலுக்கு வேலை போயிற்று. தினமும் காலையில் போன் வரும், அவள் கையில் வைப்பாள், அவர் சான்றிதழ் கொடுப்பார். "இன்னைக்கு நேத்தைவிட ஜோர்" என்றுகூடச் சில நாள் சொன்னார்.

தங்கைக்குத்தான் சந்தேகம். உப்புக்கும் தண்ணீருக்கும் காவல் இருந்த அவள், அத்தானையும் விட்டு வைக்கவில்லை. "ஏன்க்கா, பந்தியில பக்கத்துல உக்காந்து 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா அத்தான்'னு கேட்டாலே முழிப்பாரு. இது எப்படிக் கேக்குது?"

"மனுஷங்க பேச்சுதான்டி அவருக்கு ஆகாது. மோட்டார்னா எறும்பு இருமினாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாரு."

அப்படித்தான் அவள் நம்பினாள். நாமும் அந்தக் கடை மேசையில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தால் நம்பியிருப்போம். பின்னறையில் ஓடுகிற மோட்டாரைப் பார்த்து "இதுல பேரிங் போச்சு" என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு காலை "ஃபர்ஸ்ட் கிளாஸ்" வாங்கிக்கொண்டு அவள் டயாலிசிஸுக்குப் போனாள். நர்ஸ் வழக்கம்போல் கையைத் தொட்டாள். தொட்ட விரலை எடுத்து மறுபடி வைத்தாள். ஸ்டெதஸ்கோப் வந்தது, பின்னாலேயே டாக்டர் வந்தார். உள்ளே ரத்தம் கட்டி அடைத்திருந்தது.

"காலையில பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. நல்லா ஓடுதுன்னாரு."

"அவரு டாக்டரா?"

"மோட்டார் மெக்கானிக்."

டாக்டர் ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொன்னார். அன்றைக்கே சின்ன அறுவை செய்து அடைப்பை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அந்த இணைப்பே வீணாகி, வேறு இடம் தேடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டுமாம்.

மயக்கம் தெளிந்ததும் அவள் போனை வாயருகே பிடித்துக் கத்திய கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. "என்னத்தைக் கேட்டீங்க? இத்தனை நாளா என்னத்தைத்தான் கேட்டீங்க?"

அந்தப் பக்கம் அலறிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. பிறகு, "ஒண்ணும் கேக்கலை" என்றார். "கடையிலயும் காதால பாக்கிறதில்லை. உள்ளங்கையை வச்சா தெரிஞ்சிடும். உன் கை இங்க இருந்தா ஒரு தொடுதல்ல சொல்லியிருப்பேன். நீ பயந்துபோய் இருந்தியா... நல்லாருக்குன்னு சொன்னா நீ நிம்மதியா இருப்பியேன்னு..."

அவள் போனை வைத்துவிட்டாள். தொட்டால் தெரிகிறவர் தூரத்தில் இருந்தார். தொடவேண்டியதைக் கூடவே வைத்திருந்தவள் தொடவில்லை. இதில் யாரைத் திட்டுவது? அவள் அவரைத்தான் திட்டினாள். இத்தனை வருஷத்து "சரி"களை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் திட்டினாள். தங்கை வீட்டுக்குத் திரும்பியபிறகும் அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காலையில் அவளே விரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டு பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"பாவம்க்கா, எடேன்" என்றாள் தங்கை ஒரு நாள், போனின் தொல்லை தாங்காமல்.

அவள் எடுத்தாள். பேசவில்லை. சான்றிதழ்தானே வேண்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று போனைக் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனின் முதுகில் ஒட்டிப் பிடித்தாள். தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, "உன் செவிட்டு மாமனாரு மகன் இப்ப என்ன சொல்றாருன்னு பாரு" என்று கிசுகிசுத்தாள்.

போன் பேசியது. "இது ஃபேன். புஷ் தேஞ்சிருக்கு, எண்ணெய் விடச் சொல்லு. எங்கப்பாவுக்குக் காது கடைசிவரைக்கும் நல்லாத்தான் கேட்டுதுன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு. இப்ப கையில வை."

தங்கை வாயைப் பொத்தியபடி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டின.

"காது மிஷின் எப்ப வாங்கினீங்க?"

"கத்தாதே. மெதுவாப் பேசு, காது வலிக்குது" என்றார், வாழ்நாளில் முதல்முறையாக. "நீ போனை வச்ச அன்னிக்கே போய் மாட்டிக்கிட்டேன். தெருவே சந்தைக்கடையா இருக்கு. இவ்வளவு சத்தத்தோடயா எல்லாரும் குடித்தனம் பண்றீங்க?"

அவள் முதலில் தன் இரண்டு விரல்களைக் கையில் வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. அப்புறம்தான் போனை அதன்மேல் வைத்தாள்.

அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தாள்.

"என்னங்க, எப்படி ஓடுது?"

"தெரியலையே" என்றார் மோட்டார்காரர். "இன்னிக்குத்தானே முதல்தடவையா உன் கையைக் கேக்கிறேன். நீ தொட்டுப் பார்த்தியா? நீ சொல்லு."