இரண்டு குழுவிலும் இருந்தவர்

மேஜைக்கடியில் குந்தி ஒயர் இழுத்து இழுத்து, இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது கம்ப்யூட்டர்காரனுக்கு. கிடங்கு ஆபீஸில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் இனி ஒரே பெட்டியில்தான் ஃபைல்களை வைக்கும். பெட்டியை மாட்டியாயிற்று. யார் எதைத் திறக்கலாம் என்று பிரித்துவிடுவதுதான் பாக்கி.

"கேமரா ஃபோல்டர மேஸ்திரிங்க பாக்கட்டும். லோடு ஆளுங்க கண்ணுல படவே கூடாது, அப்புறம் ஒருத்தனும் மூட்டை அட்டிப் பக்கம் போகமாட்டான்" என்றார் மேனேஜர்.

அப்படியே செய்தான். மேஸ்திரி குழுவுக்கு அனுமதி, லோடு ஆட்கள் குழுவுக்குத் தடை. ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வீடியோவைத் திறந்தான். ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்த நாள் அது. செத்தது அக்கா புருஷனின் தம்பி. சத்தமில்லாத படம். நெஞ்சுவரை புதைந்தவன் வாசல் பக்கம் கையை நீட்டி வாயைத் திறந்தான். மறுபடியும் திறந்தான். கம்ப்யூட்டர்காரன் படத்தை நிறுத்திவிட்டு மறுபடி மேஜைக்கடியில் ஒயரைப் பிடித்தான்.

"என்னடா மாப்ளே, மேஜைக்கடியிலயே குடித்தனமா? அக்காகிட்ட சொல்லி பாய் குடுத்தனுப்பட்டா?"

மச்சான்தான். இங்கே மேஸ்திரி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபோல்டரைத் தட்டினார். திறக்கவில்லை.

"எனக்கு உண்டுன்னாரே மேனேஜர்?"

கம்ப்யூட்டர்காரனுக்குப் புரிந்துவிட்டது. மூட்டை தூக்கி மேலே வந்த மனுஷன். பழைய லோடு குழுவிலும் அவர் பெயர் கிடக்கிறது. ரெண்டிலும் இருந்தால் தடைதான் ஜெயிக்கும். அங்கே அவர் பெயருக்கு நேரே உள்ள ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்தது. எழுந்து வந்து மவுஸில் கை வைத்தான்.

"எதுக்கு மச்சான் அதப் போய்ப் பாக்கணும்?"

"நான் அப்ப டீ குடிக்கப் போயிட்டேன்டா. என்னையக் கூப்பிட்டானான்னு தெரிஞ்சா போதும். சத்தம் இல்லாட்டி என்ன? அண்ணேன்னு அவன் வாய் அசைஞ்சா எனக்குத் தெரியாதா?"

கை தானாகப் பின்னுக்கு வந்தது.

"பெட்டியில ஏதோ கோளாறு மச்சான். நாளைக்குப் பாப்போம்."

"ஒம் பெட்டியும் ஒன்னாட்டமே சோம்பேறி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். "சரியானதும் நீயே சொல்லு மாப்ளே" என்றதோடு சரி. வேலைக்கு வரும்போதெல்லாம் வாசலிலிருந்து அந்தத் திரையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்.

டிக் போட்ட இடத்திலேயே இருக்கிறது. மச்சானுக்குக் கம்ப்யூட்டர்காரன் பட்ட கடன் ஒரே ஒரு சொல்: கூப்பிட்டான். அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.