ஞாயிற்றுக்கிழமை பிரஷர்

"டாடி, உங்களுக்கு பிரஷரே இல்ல."

"அப்புறம் எதுக்குடி இத்தனை மாசமா கருவாட்டைக் கண்ல காட்டாம வச்சிருக்கே?"

"கோவில்ல நர்ஸ் ஐவி சிஸ்டர் அளந்தா நூத்தி எழுபது. வீட்ல நான் அளந்தா நூத்தி இருபது. நான் யாரை நம்புறது?"

"மிஷினை மாத்து."

"மாத்திப் பார்த்தாச்சு. ஆளை மாத்தினாதான் இறங்குது."

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் முந்தின நாள் மகள் ஜொவிட்டா பேசியதெல்லாம், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் பிரஷர் பார்க்கும் வரிசையில் நின்ற அல்போன்ஸின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜொவிட்டா மூளை ஆராய்ச்சி செய்பவள். அன்று தட்டிலிருந்த உப்புமாவை உருண்டையாகப் பிடித்து, நடுவில் ஒரு முந்திரியைச் செருகினாள்.

"இதுதான் நடுமூளை. நாய் துரத்துதுன்னு வைங்க. இங்கேருந்து மூளைக்கு அடியில இருக்கற முகுளத்துக்கு உத்தரவு போகும். அங்கேருந்து முதுகுத்தண்டு வழியா, ரத்தக்குழாயை இறுக்கு, இதயத்தை விரட்டுன்னு போகும். பிரஷர் எகிறும்."

"ஐவி மேடம் என்னை எங்கடி துரத்தினாங்க?"

"மனசு படபடத்தாலும் அதே வழிதான் டாடி. ஊரே அவங்களை சிஸ்டர்ங்குது. நீங்க மட்டும் ஏன் மேடம்ங்கறீங்க?"

அல்போன்ஸ் நடுமூளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மம்மி போய் எத்தனை வருஷமாச்சு! அவங்களும் தனியாத்தானே இருக்காங்க? நாளைக்குச் சொல்லிடுங்க. இல்லேன்னா கருவாடு கிடையாது."

வரிசை நகர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் பங்கு மக்களுக்கு பிரஷர் பார்க்கும் நர்ஸ் ஐவி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். அல்போன்ஸின் முந்திரி விழித்துக்கொண்டது.

"கையை நீட்டுங்க சார்."

"ஐவி மேடம், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"அளக்கும்போது பேசக் கூடாது சார்."

ஒவ்வொரு வாரமும் இந்த இடத்தில்தான் அவர் பேச்சு நின்றுபோகும். ஆயுள் முழுக்க வகுப்பறையில் 'பேசாதே' என்று அதட்டிய வாத்தியார், கையில் பிரஷர் பட்டையோடு கப்சிப்பென்று உட்கார்ந்திருப்பார்.

"நூத்தி எண்பது!" ஐவியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க சார்!" என்றது வரிசை. "முருங்கைக்கீரை சூப்பு!"

"போன வாரத்தைவிட ஏறியிருக்கே. கருவாட்டை அடியோட மறந்துடுங்க சார்," என்றார் ஐவி, நிஜமான கவலையோடு.

அந்தக் கவலையை அல்போன்ஸால் தாங்க முடியவில்லை. பட்டையைத் தானே 'பர்ர்' என்று பிய்த்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப அளக்கலையே? பேசலாம் இல்ல?"

"பேசுங்க..."

"முதல்ல அதைக் காதுலேருந்து எடுங்க."

ஐவி ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துக்கு இறக்கினார். வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

"ஐவி," என்றார் அல்போன்ஸ், மேடத்தை விட்டுவிட்டு. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"