பிள்ளையை விட்டுப் போக ஓர் இடம்

எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தப் பருத்தி அரவைக் கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்பவள் பேசினாலும் காதில் விழாது. பதினெட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று, கூடையிலிருந்த பருத்தியை அள்ளி உருளைக்கு முன்னால் பரப்பிக்கொண்டிருந்தார்கள். உருளை பஞ்சை உள்ளே இழுத்துக்கொள்ள, கொட்டை கீழே உதிர்ந்தது. கை ஒரே சீராகப் போக வேண்டும். அதிகம் வைத்தால் உருளை அடைத்துக்கொள்ளும். குறைத்து வைத்தால் மேஸ்திரி ஆண்டிச்சாமி பின்னால் வந்து நிற்பார்.

முத்துப்பேச்சி இடப்பக்க வரிசையில் ஆறாவது உருளையில் நின்றாள். பிள்ளை பெற்று மூன்றரை மாதம். வேலைக்குத் திரும்பிப் பன்னிரண்டு நாள். உச்சிப்பொழுது நெருங்க நெருங்க மார்பு கல்லாகக் கனத்தது. பால் கசிந்து சேலை நனைந்த இடத்தில் பறக்கிற பஞ்சுத்தூசு வந்து அப்பிக்கொண்டது. அதைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது.

ராஜபாளையத்துக்கு அந்த அரவை எஞ்சின் வந்து அது நாலாவது வருஷம். பருத்தி வண்டிகள் வருகிற ஐந்தாறு மாதம்தான் வேலை. அந்த மாதங்களில் அமாவாசைக்குக்கூட எஞ்சின் நிற்காது; விடியுமுன் உள்ளே போனால் இருட்டும்வரை யாரையும் வெளியே விடமாட்டார்கள். முத்துப்பேச்சியின் புருஷன் வேல்சாமி அதே ஆலையில் பஞ்சுப்பொதி சுமந்தான். தை கடைசியில் மேஸ்திரி அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: மாசி ஒன்றாம் தேதி உன் பெண்டாட்டி வராவிட்டால் அந்த உருளைக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வேலை கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கத்து உறவிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் இல்லை. ஆலைக்குப் போகிற பெண்கள் பலரும் ஓடைக்கரைக் குடிசையில் மாரியாத்தாளிடம் பிள்ளைகளை விட்டார்கள். நாற்று நட்டு நட்டு இடுப்பு விழுந்துபோனவள் அவள். எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு படி கம்பு கொடுத்தால் போதும். முத்துப்பேச்சி தன் மகள் சீனியம்மாளையும் அங்கேதான் விட்டாள்.

முதல் இரண்டு நாள் இருட்டியபின் போனபோது பிள்ளை பசியோடு அவள் மேல் பாய்ந்தது. மூன்றாம் நாளிலிருந்து எப்போது போனாலும் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மார்பில் வைத்தால் நாலு வாய் இழுத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்ளும். நல்ல பிள்ளை, சாதுவான பிள்ளை என்று மாரியாத்தாள் சொன்னாள். முத்துப்பேச்சி அதை நம்பினாள். காலெல்லாம் மெலிவதைப் பார்த்தபோதும், வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதிமூன்றாம் நாள் விடியும்போது பிள்ளையை எழுப்ப முடியவில்லை. உடம்பு துணிபோலத் துவண்டது. உதடு கருத்திருந்தது. மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. வேல்சாமி விளக்கைக் கிட்டத்தில் பிடித்து இமையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணின் பாவை கடுகளவு சுருங்கியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஏழு மைல். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் நடந்தே கிளம்பிவிட்டார்கள். ஊர் எல்லையைத் தாண்டும்போது பின்னால் ஒரு கூண்டு வண்டி வந்தது. வளையலும் கண்ணாடிச் சாமானும் விற்கிற நைனா முகமதுவின் வண்டி. அவர் மனைவி ஆயிஷா பீவி, கைப்பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நைனா முகமது வேல்சாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டை நிறுத்தினார். என்ன ஏது என்று முழுதாகக் கேட்கக்கூட இல்லை. திரையை விலக்கி, முத்துப்பேச்சியை உள்ளே ஏறச் சொன்னார். வேல்சாமி வண்டியோடு கூடவே ஓடி வந்தான்.

ஆயிஷா பீவிக்கு முப்பது வயதிருக்கும். மடியில் ஐந்து மாதப் பையன் சாகுல் ஹமீது. அவள் தன் பிள்ளையை வளையல் கூடைகளுக்கு நடுவில் படுக்க வைத்துவிட்டு, சீனியம்மாளின் உள்ளங்காலை விரலால் சுண்டத் தொடங்கினாள்.

"தூங்க விட்டுறாத தாயி. அழட்டும். அழுதாத்தான் நல்லது" என்றாள்.

வழி முழுக்க அவள் நிறுத்தவில்லை. ஒரு கை வலித்தால் மறு கையால் சுண்டினாள். கூஜாத் தண்ணீரில் முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்தாள். அவள் பையன் பசித்து வீறிட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி வழியில் சீனியம்மாள் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டாள். முத்துப்பேச்சிக்கு அழுகை வந்தது. ஆயிஷா பீவி அப்போதுதான் தன் பையனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்; கை மட்டும் சீனியம்மாளின் காலை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே கேட்டார், யார் அபினி கொடுத்தது என்று. அப்படி ஒன்றை முத்துப்பேச்சி வீட்டில் வைத்ததே இல்லை. கடுங்காப்பி டிகாக்ஷனைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டச் சொன்னார். பகல் முழுக்க ஒரு கம்பவுண்டரும் வேல்சாமியும் மாறி மாறிப் பிள்ளையை உலுக்கிக்கொண்டே நடந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அது கண்ணைத் திறந்து, வாயைக் கோணிக்கொண்டு பெருங்குரலில் அழுதது. தாய் வீட்டுக்குப் போன ஆயிஷா பீவி தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு அங்கே வந்திருந்தாள். அவள் அந்த அழுகையைக் கேட்டு, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே விரித்து ஏதோ ஓதினாள்.

மறுநாள் முத்துப்பேச்சி ஓடைக்கரைக்குப் போனபோது மாரியாத்தாள் மறைக்கவில்லை. விரல் நுனியில் கடுகளவு, விளக்கெண்ணெயில் குழைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். எட்டும் ஒரே நேரத்தில் அழுதால் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டாள். தன் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தாளாம். முந்தாநாள் மறந்துபோய் இரண்டு தடவை கொடுத்திருப்பாள் போலிருக்கிறது. சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தபடியே முத்துப்பேச்சியின் காலைப் பிடித்துக்கொண்டாள். சண்டை போட என்று வந்தவள் குனிந்து அந்தக் கையை விலக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இனி பிள்ளையை எங்கே விடுவது? கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தில் தொட்டில் கட்டிக்கொள்ளட்டுமா என்று முத்துப்பேச்சி மேஸ்திரியிடம் கேட்டாள். ஒருத்திக்கு விட்டால் பதினெட்டுத் தொட்டில் தொங்கும் என்றார் அவர். போகாத நாட்களுக்குக் கூலி பிடித்துக்கொண்டு, நாளை மறுநாள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்றும் சொன்னார். மம்சாபுரத்தில் இருக்கும் வேல்சாமியின் அண்ணன் சீனிச்சாமி வீட்டில் விடலாம். ஆனால் விட்டால், எஞ்சின் நிற்கிற ஆடி மாதம்வரை பிள்ளையைப் பார்க்க முடியாது. வேலையை விட்டுவிடு என்று வேல்சாமி ஒரு தடவை சொன்னான். சொல்லிவிட்டு, அடுப்பையும் காலிப் பானைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊர் திரும்பிய ஆயிஷா பீவி பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆள் அனுப்பினாள். முத்துப்பேச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்கு நேரில் போனாள். வேலை விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று போகவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள்.

"எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றாள் ஆயிஷா பீவி. "சாகுலுக்குத் தொட்டில் ஆட்டுற கைதான. அதுல இதுவும் கெடக்கட்டும்."

"நான் என்னம்மா குடுக்க முடியும் உங்களுக்கு?"

"அம்மான்னு கூப்பிடாத. அக்கான்னு கூப்பிடு. அது போதும்."

அண்ணன் சீனிச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் மம்சாபுரத்திலிருந்து வந்து, சாயபு வீட்டில் விட்டால் நாளைக்குச் சாதிசனம் என்ன சொல்லும் என்று வேல்சாமியிடம் கேட்டார். வேல்சாமி பொதி சுமந்து காய்த்துப்போன தோளைத் தடவிக்கொண்டான்.

"அன்னைக்கு ரோட்டுல நம்ம ஆளுக வண்டி நாலு போச்சுண்ணே" என்றான். "நின்னது அவிய வண்டி ஒண்ணுதான்."

சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து அழைப்பும் வரவில்லை.

வானம் வெளுக்குமுன் முத்துப்பேச்சி தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் ஆயிஷா பீவியின் கையில் கொடுப்பாள். விளக்கு வைத்து ஒரு நாழிகை கழிந்து வந்து வாங்கிக்கொள்வாள். வேல்சாமி ஆலைக்குப் போகுமுன் அந்த வீட்டுக்கு நாலு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினான். வேண்டாம் என்று நைனா முகமது எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளையின் தொடையில் மடிப்பு விழுந்தது. இரவில் பசித்து எழுந்து அழுதது. அந்த அழுகைக்குத் தூக்கம் கெட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் முத்துப்பேச்சி இருட்டில் பள்ளிவாசல் தெருத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பிள்ளையை எடுப்பாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் இரவு ஆயிஷா பீவி பிள்ளையைக் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள்.

"பகல்ல குடுத்த ஆட்டுப்பாலு அதுக்கு ஒத்துக்கல. மத்தியானம் எல்லாம் ஒரே கத்து. எம்புட்டு நேரந்தான் பாத்துக்கிட்டு இருக்க? என் பாலக் குடுத்துட்டேன். இன்னைக்கு மட்டும் இல்ல, பத்து நாளாக் குடுக்கேன். உங்கிட்ட கேக்காமச் செஞ்சது தப்புதான்."

முத்துப்பேச்சி வாசலிலேயே அவள் காலைத் தொடக் குனிந்தாள். ஆயிஷா பீவி சட்டென்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். மனுஷர் காலில் மனுஷர் விழக் கூடாது என்றாள். தங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தால் பெற்ற பிள்ளைக்குச் சமம்; சாகுலுக்கு இவள் இனிமேல் கூடப்பிறந்தவள்தான் என்று விளக்கினாள். நாளைக்கு என் பையன் உன் மகளுக்குச் சீர் கொண்டுவர வேண்டும், அவனுக்கு இப்போதே செலவு வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். முத்துப்பேச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது வேல்சாமி பிள்ளையின் தலையில் கை வைத்தான். மறுநாளிலிருந்து நாலு குடம் ஆறாயிற்று.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு, எஞ்சினிலிருந்து வரும் பெரிய தோல்வார் அறுந்தது. உருளைகள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கின. கொட்டகைக்குள் திடீரென்று ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்டது. வாரைத் தைத்து மாட்ட ஒரு மணி நேரமாவது ஆகும், சங்கு ஊதியதும் வந்து நிற்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது என்றார் மேஸ்திரி. மற்ற பெண்கள் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார்கள். முத்துப்பேச்சி ஓடினாள்.

வெயிலில் மண் கொதித்தது. பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்து, திறந்திருந்த கதவு வழியாக முற்றத்தைப் பார்த்தாள். முருங்கை நிழலில் பாய் போட்டிருந்தது. சாகுல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சீனியம்மாள் உட்கார்ந்து, ஒரு சுளகை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். இலை வழியாக விழுந்த வெயில் புள்ளிகள் அவள் தோளில் அசைந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய் வேலைக்குப் போகாமல் இருந்த அந்தச் சில நாட்களுக்கு அப்புறம் பிள்ளையைப் பகலில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நிறமாக இருக்கிறாளே என்று நினைத்தாள்.

கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. தலையும் புருவமும் இமையும் பஞ்சுத்தூசால் வெளுத்துப்போன ஒரு பெண். அது முகம் சுளித்து, உதடு நடுங்க, வீறிட்டு ஆயிஷா பீவியின் பக்கம் தவழ்ந்தது.

"நாந்தான்டி. ஆத்தா வந்துருக்கேன்."

குரலைக் கேட்டதும் அழுகை நின்றது. பிள்ளை தலையைச் சாய்த்து, முத்துப்பேச்சியைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. மறுபடியும் அழுதது.

ஆயிஷா பீவி தண்ணீர் கொண்டுவந்து முத்துப்பேச்சியின் முகத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். தலையிலிருந்த பஞ்சைத் தட்டினாள். அப்போதும் பிள்ளை வரவில்லை. முத்துப்பேச்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

ஆயிஷா பீவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெவரம் தெரிஞ்சு அது உன்னய வெளிச்சத்துல பாத்ததே இல்ல தாயி" என்றாள். "உள்ள தூக்கிட்டுப் போ. கதவச் சாத்திக்க."

வளையல் பெட்டிகளும் வைக்கோலும் அடைத்த சின்ன அறை அது. சன்னல் இல்லை. முத்துப்பேச்சி திமிறுகிற பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சுவரோரம் உட்கார்ந்தாள். வெளியே ஆயிஷா பீவி சாகுலைத் தூக்கிக்கொண்டு தூரப் போகும் காலடி கேட்டது. இருட்டில் அழுகை மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒரு சின்னக் கை முத்துப்பேச்சியின் கழுத்தைத் தடவியது. கழுத்திலிருந்து காதுக்கு வந்தது. காது மடலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு, மார்பில் வாயை வைத்தது.

அவள் அசையாமல் இருந்தாள். பிள்ளை விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. இன்னும் நாலு வாய் குடிக்கட்டும் என்று இருந்தாள். சங்கு மறுபடியும் ஊதியபோது, பிள்ளையை மார்போடு அணைத்தபடியே எழுந்து, ஒரு கையால் கதவை இழுத்தாள். வாசலில் ஆயிஷா பீவி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெயில் முகத்தில் விழுந்ததும் பிள்ளை மார்பிலிருந்து வாயை எடுத்தது. கடைவாயில் பால் வழிய, தன்னைத் தூக்கியிருப்பது யார் என்று நிமிர்ந்து பார்த்தது.